பாடுபட்டவன் கையில் பணம் தங்காதது ஏன்?



"பாடுபட்டால் பணம் வரும்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லாத வீடு இராஜாக்கமங்கலம் பக்கம் இருக்காது. சொல்வதில் தப்பில்லை. ஆனால் அதே வாய், சொல்லைத் திருப்பிப் போட்டு, "பணம் இல்லாதவன் பாடுபடாதவன்" என்றும் சொல்லிவிடுகிறது. அன்புக்கொடி மக்கள் அடுத்தவனை அப்படி அளக்கலாமா?

பனைத் தொழிலைப் பார்த்தால் விடை தெரியும். பாளை விட்டது முதல் ஆடி மாதம் வரை பனையேறிக்கு ஓய்வு கிடையாது. விடியுமுன் ஏறி அக்கானி இறக்க வேண்டும். சாயங்காலம் பாளை சீவ மறுபடியும் ஏற வேண்டும். 40 அடிப் பனை 30 என்றே வைத்துக்கொண்டாலும், இரண்டு வேளைக்கும் சேர்த்து 2,400 அடி ஏற்றம், அவ்வளவே இறக்கம். இது ஒரு நாள் கணக்கு. வீட்டுப் பெண்களுக்கு வேறு கணக்கு. ஒரு கிலோ கருப்பட்டிக்கு 8 முதல் 10 லிட்டர் அக்கானியை அடுப்புப் புகையில் நின்று காய்ச்ச வேண்டும். பாடு மட்டுமே பணம் தருமானால், 200 ஆண்டுகளுக்கு முன் தென் திருவிதாங்கூரில் பெரிய பணக்காரர்கள் பனையேறிகளாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

இருந்தார்களா? தலைக்கு வரி, ஏணிக்கு வரி, காலில் மாட்டும் தளைக்கும் வரி. அதற்குமேல் கூலியில்லா ஊழியம். 1841-இல் எழுதப்பட்ட அகிலத்திரட்டு அம்மானை இந்தக் கொடுமைகளை விரிவாகவே சொல்கிறது. ஏடு வாசிப்பில் அந்தப் பகுதி வரும்போது கண் கலங்காதவர் இல்லை. வாசிப்பு முடிந்து வெளியே வந்ததும், தேங்காய் வெட்ட வந்தவன் கொஞ்சம் உட்கார்ந்தால் "சோம்பேறி" என்பார்கள். அது வேறு விஷயம்.

கொல்லம் 1008 மாசி 20-இல், அதாவது 1833-இல், வைகுண்டராய் வந்த அய்யா, சான்றோர் மக்களைப் பார்த்து "இன்னும் உழையுங்கள்" என்று சொல்லவில்லை. அவர்கள் உழைப்பதை அவர் பிறந்த மண்ணிலேயே கண்டவர். அவர் பார்த்தது கலயத்தின் ஓட்டையை. கலயம் ஓட்டை என்றால் பாளை எவ்வளவு சுரந்து என்ன பயன்? அரசனின் வரியும் ஊழியமும் ஒரு ஓட்டை. பேய்க்குப் பயந்து ஆடும் கோழியும் பலி கொடுத்து, மந்திரவாதிக்குக் கொட்டிக் கொடுத்தது இன்னொரு ஓட்டை. முதலாவதை எதிர்த்துப் பேசினார். சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில் சிங்காரத்தோப்புச் சிறையில் இருந்தார். இரண்டாவதைத் தம் மக்களிடமே அடைத்தார். பலி வேண்டாம், காணிக்கை வேண்டாம் என்றார். தலையில் தலைப்பாகை கட்டிக்கொண்டு வணங்கச் சொன்னார். பயந்து குனிந்தவன் கூலியைக்கூட வாய்விட்டுக் கேட்க மாட்டான் என்பதை நினைத்தால் அந்தத் தலைப்பாகையின் அருமை விளங்கும்.

மலைக்கு அந்தப் பக்கமும் ஒரு சாட்சி உண்டு. பனை மண்ணிலிருந்து கருப்பட்டியும் கருவாடும் வண்டியேற்றி வடக்கே போனவர்கள் விருதுநகர், சிவகாசி போன்ற ஊர்களில் காலூன்றினார்கள். பாட்டில் அவர்கள் பனையேறியை மிஞ்சியவர்கள் அல்ல. சரக்குக்கு இவ்வளவு என்று மகமை எடுத்துப் பொதுவில் சேர்த்தார்கள். வழியில் கொள்ளை போகாமல் பேட்டை கட்டினார்கள். பிடியரிசி எடுத்து விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலை நடத்தினார்கள்; காமராஜர் படித்தது அங்கேதான். 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கினார்கள். அதுவே இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. ஓட்டை அடைபட்ட பிறகுதான் வியர்வை காசாகத் தங்கியது.

அப்படியானால் உழைப்பு வேண்டாமா? வேண்டும். ஓட்டையில்லாக் கலயமும் பாளை சீவாவிட்டால் காலிதான். அதேபோல உழைப்பு எல்லாமே தர்மம் என்றும் சொல்லிவிட முடியாது. கருப்பட்டியில் சீனி கலப்பவனும் பகலெல்லாம் அடுப்படியில் வேகிறவன்தான்.

இன்று அரசன் வரி இல்லை. ஓட்டைகள் வேறு. மதுக்கடை ஒன்று, வட்டிக்கடன் ஒன்று, கடனெடுத்து நடத்தும் கல்யாண ஆடம்பரம் ஒன்று. இவை உழைப்பவனே அடைக்க வேண்டியவை. ஆனால் அவன் கையில் இல்லாத ஓட்டையும் ஒன்று உண்டு. அதைப் பேசத்தான் பலருக்கு மனம் வராது. தும்பு ஆலையிலும் கயிறு திரிக்கும் இடத்திலும் நாள் முழுக்க நிற்கிற பெண்ணுக்குச் சனிக்கிழமைக் கூலியை "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று தள்ளிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தாங்கலில் அன்னதர்மத்துக்கு அரிசி மூட்டை இறக்குகிறவர் உண்டு. பந்தியில் அந்தப் பெண்ணும்தான் வந்து உட்காருகிறாள். அந்த மூட்டையில் எத்தனை படி அவர் கொடுத்தது, எத்தனை படி அவள் கொடுத்தது?