என் தலைக்கு யார் காவல்?

சைக்கிள் ஓட்டும்போது தலைக்கவசம் அணிவது நல்லதா என்பது மருத்துவக் கேள்வி. அணியாதவருக்கு அபராதம் விதிக்க அரசுக்கு உரிமை உண்டா என்பது அறக்கேள்வி. முதல் கேள்விக்குக் கிடைத்த விடையை இரண்டாவதற்கும் விடையாக எடுத்துக்கொள்வதில்தான் வழக்கே தொடங்குகிறது.

கவசம் காக்கிறது, இதில் ஐயத்துக்கு இடமில்லை. உள்ளே இருப்பது தெர்மாகோல் இனத்து நுரைதான். தலை தரையில் மோதும்போது அது நசுங்கி, மண்டை நிற்க எடுக்கும் நேரத்தைச் சில மில்லிநொடிகள் நீட்டுகிறது. மூளை பிழைப்பது அந்த மில்லிநொடிகளில்தான். காயமடைந்த 64,000-க்கும் மேற்பட்டோரைப் பற்றிய 40 ஆய்வுகளை 2016-ல் ஆய்வாளர்கள் ஜேக் ஒலிவியரும் புருடென்ஸ் கிரெய்ட்டனும் தொகுத்துப் பார்த்தார்கள். கவசம் அணிந்தவர்களுக்குத் தலையில் பலத்த காயம் படும் வாய்ப்பு 69 விழுக்காடு குறைவு என்று தெரிந்தது. ஆனால் ஐரோப்பியத் தரச் சோதனையில் கவசத்தை மோதவிடும் வேகம் மணிக்கு ஏறக்குறைய 20 கி.மீ. மட்டுமே. தானாக விழுபவருக்கான காப்பு அது. லாரிக்கு எதிரான காப்பு அல்ல. தவிர, இந்த ஆய்வுகள் அடிபட்டு வந்தவர்களைத்தான் எண்ணுகின்றன. சைக்கிளையே விட்டுவிட்டவர் எந்த மருத்துவமனைப் பதிவேட்டிலும் வரமாட்டார்.

அப்படி விட்டவர்கள் இருந்தார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1990 ஜூலையில் கவசத்தைக் கட்டாயமாக்கியது. அணிவோர் பங்கு ஓராண்டுக்குள் 31 விழுக்காட்டிலிருந்து 75 விழுக்காடாக உயர்ந்தது. அதே காலத்தில் மெல்போர்ன் தெருக்களில் சைக்கிளில் போகும் பதின்பருவத்தினர் வெகுவாகக் குறைந்தார்கள். இது சிறிய இழப்பல்ல. காரை விட்டுச் சைக்கிளுக்கு மாறுபவர் உடலுழைப்பால் 3 முதல் 14 மாத ஆயுளைப் பெறுகிறார், விபத்தால் இழப்பது 5 முதல் 9 நாள் என்று 2010-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். நாள்களைக் காக்கப் போட்ட சட்டம் மாதங்களைப் பறித்தால் அதைக் கருணை என்று எப்படிச் சொல்வது?

ஒருவருடைய சொந்த நன்மை மட்டுமே அவரைக் கட்டாயப்படுத்தக் காரணமாகாது என்றார் தத்துவவாதி ஜான் ஸ்டுவர்ட் மில், 1859-ல். இதற்கு வழக்கமான மறுப்பு, அவர் மண்டை உடைந்தால் மருத்துவச் செலவு பொதுப்பணத்தில்தானே என்பது. சரி, அந்தப் பணத்தின் பேரில் பேசுவதானால், உடலுழைப்பு இல்லாமல் வரும் இதயநோயின் செலவையும் அதே கணக்கில் எழுத வேண்டும். சீட் பெல்ட்டை மட்டும் கட்டாயமாக்கலாமா என்பது வலுவான மறுப்பு. ஆனால் பெல்ட்டுக்குப் பயந்து யாரும் காரை விற்கவில்லை; அங்கே இழப்பு ஏறக்குறைய இல்லை. குழந்தைகள் விஷயம் வேறு: ஆபத்தை எடைபோடும் வயது அவர்களுக்கு இல்லை என்பதை மில்லே ஏற்றுக்கொண்டவர்.

இன்னொன்றும் இருக்கிறது. ஆபத்தைக் கொண்டுவருவது வேகமாக வரும் கார். அபராதம் கட்டுவது சைக்கிள்காரர். நெதர்லாந்தில் கவசம் அணிவோர் மிகச் சிலரே. ஆயினும் ஓட்டும் தூரத்துக்கு எத்தனை மரணம் என்று பார்த்தால், உலகின் பாதுகாப்பான நாடுகளில் அது ஒன்று. தனிப் பாதையும் குறைந்த வேகமும் அதற்குக் காரணம்.

கவசத்தைப் பரிந்துரைக்கலாம், மலிவாகத் தரலாம், சிறுவர்களுக்குக் கட்டாயமாக்கலாம். பெரியவர்களுக்கு அபராதம் கூடாது. இஸ்ரேல் 2011-ல், நகருக்குள் ஓட்டும் பெரியவர்களுக்கு அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டது.