காட்டை அறிந்தவர் யார்?



2023-ம் வருஷம் மே மாதம் 27-ந் தேதியைக் கம்பத்து ஜனங்கள் மறந்திருக்கமாட்டார்கள். அரிக்கொம்பன் என்னும் காட்டு யானை அன்று ஊருக்குள் புகுந்து வீதிகளில் ஓடிற்று. அதனால் காயமுற்ற ஒருவர் சில தினங்களில் மரித்தார்.

அந்த யானையின் கழுத்தில் ரேடியோக் கருவி பூட்டியிருந்தது. ஏப்ரல் 29-ல் கேரளத்துச் சின்னக்கானலில் அதைப் பிடித்து, கருவி பூட்டி, பெரியாறு வனத்தில் விட்டிருந்தார்கள். யானை எங்கே நிற்கிறது என்பதைக் கருவி சொல்லிற்று. எதைத் தேடி வருகிறது என்பதையோ ஜனங்கள் வைத்த பெயரே சொல்லிற்று. 'அரி' என்றால் அரிசி. கடைகளை உடைத்து அரிசி தின்று பழகிய கொம்பன் அது.

ஜூன் 5-ல் அதைப் பிடித்தபோது மயக்க ஊசி போட்டவர்கள் படித்த வைத்தியர்கள். துணை நின்றவர்கள் ஆனைமலைக் கும்கிகளின் பாகர்களும், முதுமலையிலிருந்து வந்த பழங்குடியினரும். இரு திறத்தாரும் கூடியே காரியம் முடிந்தது.

அப்படியானால் எந்த அறிவு மேலானது? யானையின் முன்காலடிச் சுவட்டைச் சுற்றி அளந்து, அதை இரட்டித்தால் அதன் தோள் உயரம் வரும் என்பது பாகர்களின் பழைய கணக்கு. பிற்காலத்து ஆராய்ச்சியாளர் அளந்து பார்த்து, ஏறத்தாழச் சரியென்று கண்டார்கள். பாகன் கண்டதைச் சாஸ்திரம் சோதித்தது. சோதித்ததால் அது எல்லாருக்கும் பிரயோசனமாயிற்று.

பழமை யாவும் அறிவு என்று நான் சொல்லவில்லை. மருந்துக்கும் மாந்திரீகத்துக்கும் உதவும் என்ற மூடநம்பிக்கையால் எத்தனை தேவாங்குகள் மாண்டன! அந்தச் சாதுப் பிராணிக்காக 2022-ல் திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் கடவூர்ச் சரணாலயம் அமைக்க வேண்டியதாயிற்று. ஆகையால் பாட்டன் சொல்லையும் சோதிக்க வேண்டும். பட்டதாரி சொல்லையும் சோதிக்க வேண்டும்.

ஆனால் நாம் செய்வதென்ன? படித்தவர் அறிந்ததைச் சாஸ்திரம் என்கிறோம். பளியர் அறிந்ததை வெறும் பழக்கம் என்கிறோம். மேகமலைக் காடுகள் 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூரோடு சேர்ந்து புலிகள் காப்பகமாயின. அம்மலைகளில் தேனெடுத்தும் கிழங்ககழ்ந்தும் தலைமுறையாய் வாழ்ந்தவர்கள் பளியர். வழிகாட்டும் கூலிக்கு மாத்திரம் அவர்களை அழைத்து, முடிவு செய்யும் வேளையில் வெளியே நிறுத்துவது நீதியாகுமா? 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டம், அவர்களுடைய மரபறிவின் மேல் அவர்களுக்குள்ள சமூக உரிமையை அங்கீகரிக்கிறது. வனவிலங்குகளைக் காக்கும் அதிகாரத்தைக் கிராமசபைக்கும் அளிக்கிறது. சட்டம் கொடுத்ததை நம் மனம் கொடுக்க மறுக்கலாகாது.

ஒருவனுடைய அறிவை வாங்கிக்கொண்டு அவனை மதியாதிருப்பதும் ஒருவகைக் களவுதான். அடுத்த முறை மலையிலிருந்து தேன் கொண்டு வரும் பளியரைச் சந்திக்கையில், விலையை மட்டும் கேட்டு அனுப்பிவிடாதீர்கள். உங்கள் பிள்ளைகளை அருகில் அழைத்து, மலையைப்பற்றி அவரிடம் கேட்கச் சொல்லுங்கள். பள்ளியில் படிப்பதோடு இதையும் படிக்கட்டும்.