சிக்கனம் யாருக்கு?

பொதுப் பணத்தைக் கண்ணும் கருத்துமாய்க் காப்பது நற்குணமே. அதில் நமக்கு வாதமில்லை. ஜனங்கள் வியர்வை சிந்திச் செலுத்திய வரியை வாரி இறைக்கும் மந்திரியினும், கணக்குக் கேட்டுக் கையை இறுக்கும் மந்திரி மேலானவர். ஆயினும் ஒருவரது சிக்கனம் ஒழுக்கமா, வேஷமா என்பதை அவர் எதை மறுத்தார் என்பதைக் கொண்டு மட்டும் அறிதல் இயலாது. எதை மறுக்கவில்லை என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தல் வேண்டும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடமேற்கில் ஐடஹோ என்றொரு ராஜ்யம் உண்டு, உருளைக்கிழங்குக்குப் பேர்போனது. பள்ளி வயது எட்டாத குழந்தைகளின் கல்விக்காக மத்திய சர்க்கார் அளிக்கவிருந்த ஏறக்குறைய 60 லட்சம் டாலரைப் பெற்றுச் செலவிட அனுமதி கோரும் மசோதா, 2021 மார்ச் மாதத்தில் அதன் பிரதிநிதிகள் சபைக்கு வந்தது. தாய்மார் வீட்டை விட்டு வெளியேறிப் பிள்ளைகளைப் பிறர் கையில் ஒப்படைப்பதை எளிதாக்கும் எந்த மசோதாவும் நல்வழிப்பட்டதன்று என்னும் கருத்தில் ஓர் அங்கத்தினர் பேசினார். பிஞ்சு மனத்தில் வேண்டாத கொள்கைகள் புகுத்தப்படும் என்று வேறு சிலர் அஞ்சினர். மசோதா தோற்றது. அதே ஆண்டு மே மாதத்தில், வருமான வரியைக் குறைப்பதற்கும், கட்டிய வரியில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவதற்குமாக 35 கோடி டாலருக்கு மேல் விட்டுக்கொடுக்க அதே சட்டசபைக்கு மனம் வந்தது.

மத்திய சர்க்காரின் கை எங்கள் இல்லத்துள் நுழையலாகாது என்பதும் ஒரு கொள்கைதான். அதை எவ்விடத்தும் ஒன்றுபோல் கடைப்பிடிப்பாரோடு நாம் வாதிடலாமே யன்றி, அவரைப் போலி என்றல் தகாது. ஆனால் ஐடஹோவின் ஸ்னேக் நதியில் 1904 முதல் 1906 வரை மினிடோக்கா அணையைக் கட்டியது யார்? அதே மத்திய சர்க்கார்தான். வறண்டு கிடந்த நிலம் அந்நீரால் விளைநிலமாயிற்று. கட்டிய செலவை உழவர் திருப்பித் தருதல் வேண்டும் என்று 1902-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது உண்மை; வட்டி கேட்கவில்லை. உழவனுடைய தன்முயற்சியை இந்நீர் கெடுத்துவிடும், வாய்க்காலை அடையுங்கள் என்று அங்கே சொல்வார் யார்?

வீண் செலவு என்பாருக்கு ஒரு சொல். மிச்சிகன் ராஜ்யத்தின் இப்சிலாந்தி நகரில் 1962-இல் தொடங்கிய ஆராய்ச்சியில், ஏழைக் குழந்தைகள் 123 பேரில் 58 பேருக்கு மட்டும் முன்பள்ளி தரப்பட்டது. அவர்களை நாற்பது வயது வரை தொடர்ந்து கவனித்தனர். படித்தவர் கூடுதலாய்ச் சம்பாதித்தனர். குறைவாகச் சிறை புகுந்தனர்.

இனி அந்தத் தாய்மை உபதேசம். நம் தோட்டத்து மக்களுக்கு அது விசித்திரமாகவே தோன்றும். பெரட்டுக்குப் போன நம் தாய்மார் இருள் பிரியுமுன் குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றார்கள். ‘அம்மா, பிள்ளையோடு வீட்டிலிரு’ என்று உபதேசித்த துரையொருவரை நாம் கேள்விப்பட்டதில்லை. அவள் கை பால்மரத்துக்கு வேண்டியிருந்தது. ஐக்கிய மலாய் நாடுகளின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டப் பள்ளியைக் கட்டாயமாக்கியபோதும், 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேராவது இருத்தல் வேண்டும் என்றது. ஏழுக்குக் கீழே ஆயா உண்டு, ஆசான் இல்லை. உழைப்புக்காகத் தாயைப் பிரிப்பதில் எழாத தர்மம், எழுத்துக்காகப் பிரிக்கும்போது மட்டும் எங்கிருந்தோ எழுகிறது. ஐடஹோவிலும் கூலியின்றி வாடகை கொடுக்கவியலாத தாய்மார் உண்டு. அவர்கள் இழக்கும் கூலிக்கு ஈடாக ஒரு மசோதாவைக் கையில் ஏந்திவந்து, அதன்பின் வீட்டிலிருக்கச் சொல்வாராயின், அந்த அங்கத்தினரை நாம் எழுந்து நின்று வணங்குவோம்.

அவர் தம் பேச்சுக்காகப் பின்னர் மன்னிப்புக் கேட்டார். அதற்குள் 34-க்கு 36 என்ற வோட்டில் மசோதா வீழ்ந்துவிட்டது. வரியைத் திரும்பப் பெற்றவர்களுக்கு அடுத்த தேர்தலிலேயே வோட்டுண்டு. 2021-இல் நான்கு வயதாயிருந்த பிள்ளைக்கு அது 2035-இல்தான் வரும்.