உடுப்புக்குள் இருப்பவர்

குசினியில் வேலை செய்கிற எங்களுக்குத் திங்கட்கிழமைதான் லீவு. 2019 கோடையில் அப்படியொரு திங்களன்று நாங்கள் நால்வர், பாரிஸ் லா சப்பலைச் சுற்றியுள்ள உணவகங்களில் கோப்பை கழுவியும் கறி கிளறியும் சீவிப்பவர்கள், எங்களில் ஒருவரின் ஆறு வயதுப் பெறாமகளையும் கூட்டிக்கொண்டு டிஸ்னிலாண்டுக்குப் போனோம். 1992இல் திறந்த பழைய பூங்காவை விட்டு, அதனருகே 2002இல் வால்ட் டிஸ்னி ஸ்டூடியோஸ் என்ற பெயரில் திறந்த சினிமாப் பூங்காவுக்குள் நுழைந்தோம்.

அங்கே அப்போது ஒரு சாகசக் காட்சி நடந்துவந்தது. (2020இல் நிறுத்திவிட்டார்கள்.) ரெமி ஜூலியன் என்ற பிரெஞ்சுச் சாகச ஓட்டுநர் வடிவமைத்தது. கார்கள் துரத்தும், துவக்குச் சூடு கேட்கும், ஒரு மனிதர் உடம்பில் தீ பற்றி எரியும். முதல் வெடிக்கே எங்களில் ஒருவர் தலையைக் குனிந்து கதிரைக்குக் கீழே போகப் பார்த்தார். 2009இல் வன்னியில் பதுங்குகுழிக்குள் கிடந்தவர் அவர். பக்கத்தில் பிள்ளை கைதட்டியது. கொஞ்ச நேரத்தில் அவரும் கைதட்டினார்.

இதற்காக வெட்கப்பட வேண்டுமா என்று பல இரவுகள் கதைத்திருக்கிறோம். தேவையில்லை என்றே எமக்குப் படுகிறது. அந்தக் காட்சி ஒன்றையும் ஒளிக்கவில்லை. ஒரு சாகசம் முடிந்ததும் அதை எப்படிச் செய்தோம் என்று அவர்களே காட்டினார்கள். தந்திரம் தெரிந்த பிறகு கைதட்டல் கூடியது. ஊர்க் கூத்திலும் இதுதானே. கரப்புடுப்பும் முடியுமாக ஆடுகிற அருச்சுனன் யார் வீட்டுப் பொடியன் என்று ஊருக்கே தெரியும். விடியப்புறம் முடியைக் கழற்றிவிட்டு எங்களோடுதான் தேத்தண்ணி குடிப்பான்.

வெளியே வந்தால் மிக்கி நின்றது. பிள்ளை ஓடிப்போய்க் கட்டிக்கொண்டது. மிக்கி தலையை ஆட்டியது, வாய் திறக்கவில்லை. சனங்களுக்கு முன்னால் தலையைக் கழற்றக் கூடாது என்பது அந்தத் தொழிலின் சட்டம். பிள்ளைகளுக்காக அப்படி வைத்திருப்பதில் பிழை சொல்ல மாட்டோம். எங்களைச் சங்கடப்படுத்தியது வேறு. அந்த வெயிலில் அந்தத் தடித்த உடுப்புக்குள் ஒரு ஆள் வெந்துகொண்டிருக்கிறார் என்பதை வரிசையில் நின்ற நாங்களுமே மறந்துபோனோம். நாங்களே!

எங்களில் இருவரை ஒரு உணவக முதலாளி தலைப்பாகையும் சரிகை அங்கியும் போட்டு வாசலில் நிறுத்தி, வருகிறவர்களுக்கு 'நமஸ்தே' சொல்ல வைத்திருந்தார். அதற்கு மேல் ஒரு சொல் ஹிந்தி எங்களுக்குத் தெரியாது. உள்ளே சமைத்ததும் யாழ்ப்பாணத்தான். ஒருநாள் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை 'நீ ராசாவா?' என்று கேட்டது. ஓமென்று தலையாட்டினோம். அந்தப் பொய் இன்றைக்கும் எங்களை உறுத்தவில்லை. ஆனால் அதன் தகப்பன் எங்கள் முகத்தைப் பார்க்காமலே கையிலிருந்த தன் மேலங்கியை எடுத்துக்கொண்டு போனது மறக்கவில்லை. மாத முடிவில் அந்தச் சரிகை உடுப்பைத் தோய்த்த காசைச் சம்பளத்தில் கழித்ததும் மறக்கவில்லை.

நல்ல நடிகர் எதையும் உணர்வதில்லை என்று டிடரோ வாதிட்டார். அந்த நூல் அவர் இறந்து பல வருடங்களின் பின், 1830இல் அச்சேறியது. மெய்யியலை இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு ஓடிவந்தவர்கள் டிடரோவோடு வாதாடலாமா தெரியாது. எனினும் அவர் பெரிய மேடை நடிகர்களைப் பற்றியே யோசித்தார். தலைப்பாகைக்குள் வியர்வை வழிந்தால் உணராமல் இருக்க முடியாது.

2023 மே, யூன் மாதங்களில் டிஸ்னிலாண்ட் தொழிலாளர் மாதம் 200 யூரோ கூட்டித் தரச்சொல்லி வேலைநிறுத்தம் செய்து, பூங்காவுக்குள்ளேயே ஊர்வலம் போனார்கள். பிள்ளைகளின் கனவைக் கெடுக்கிறார்கள் என்று எங்கள் உணவகத்தில் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். நாங்கள் பேசாமல் தட்டை எடுத்தோம்.

பெறாமகள் வளர்ந்துவிட்டாள். மிக்கியோடு எடுத்த படம் இன்னும் சுவரில் இருக்கிறது. உள்ளே இருந்தது ஆரென்று போன கிழமை கேட்டாள். தெரியாது என்றோம். ஆம்பிளையா பொம்பிளையா என்றாள். அதுவும் தெரியாது.

"சித்தப்பா, வெளிக்கிடேக்க நாங்கள் மெர்சி சொன்னனாங்களோ?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.