பிழையைக் கண்டும் கடந்து போகலாமா?

யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று 2001 ஜனவரியில் தொடங்கியது விக்கிப்பீடியா. அப்படிப்பட்ட கலைக்களஞ்சியத்தை நம்பலாமா என்று அன்றே கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதோடு சேர்த்துக் கேட்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. எல்லாரும் திருத்தக்கூடிய ஏட்டில் ஒரு பொய் நெடுநாள் நின்றால், பழி எழுதியவரை மட்டும் சேருமா, படித்தவரையும் சேருமா?

2005 மே மாதத்தில் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் சீகன்தாலரைப் பற்றி ஒருவர் பெயர் காட்டாமல் ஒரு பக்கம் எழுதினார். அமெரிக்க அதிபர் கென்னடி, அவருடைய தம்பி ராபர்ட் ஆகிய இருவரின் கொலையிலும் சீகன்தாலருக்குத் தொடர்பு இருக்கலாம் என்று ஒரு காலத்தில் சந்தேகிக்கப்பட்டதாக அதில் இருந்தது. உண்மையில் அவர் ராபர்ட் கென்னடியிடம் பணியாற்றியவர். ராபர்ட்டின் சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் ஒருவர். முதிய வயதில் சீகன்தாலர்மீது சுமத்தப்பட்ட அந்தப் பொய், நான்கு மாதங்களுக்கு மேல் அழியாமல் இருந்தது.

இந்தத் தீங்கைக் காட்டி, அறிஞர்கள் எழுதி அச்சிட்ட நூல்களே போதும் என்பவர்கள் உண்டு. ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் 'நேச்சர்' இதழ், 42 அறிவியல் தலைப்புகளில் விக்கிப்பீடியா கட்டுரைகளையும் அறிஞர்கள் எழுதும் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தின் கட்டுரைகளையும் துறை வல்லுநர்களிடம் கொடுத்து ஒப்பிட்டது. கட்டுரைக்குச் சராசரியாக விக்கிப்பீடியாவில் நான்கு பிழைகள், பிரிட்டானிக்காவில் மூன்று. பிரிட்டானிக்கா அந்த ஆய்வை ஏற்கவில்லை. ஆயினும் அறிஞர் எழுதியதால் மட்டும் ஒரு களஞ்சியம் பிழையற்றதாகிவிடாது. அச்சில் ஏறிய பிழை அடுத்த பதிப்புவரை காத்திருக்கும். விக்கிப்பீடியாவிலோ 'தொகு' என்ற பொத்தான் வாசகர் கையிலேயே இருக்கிறது. எந்த மாற்றம் எப்போது நடந்தது என்பதும் வரலாற்றுப் பக்கத்தில் பதிவாகிறது. திருத்தும் உரிமையை ஏற்றுக்கொண்டு, திருத்தும் கடமையை மட்டும் பிறருக்குத் தள்ளுவது முறையாகாது. ஏரி நீரில் பயிர் செய்தவர்களே கூடி ஏரியைத் தூர்வாரிய குடிமராமத்தின் நியாயமும் இதுதான்.

படிக்க வந்தவர்மீது இவ்வளவு பாரம் ஏற்றலாமா என்று கேட்கலாம். உதாரணமாக, 17-ஆம் நூற்றாண்டில் கோவாவில் போர்த்துகீசியருக்கும் மராட்டியருக்கும் ஒரு போர் நடந்ததாகச் சொன்ன 'பிச்சோலிம் மோதல்' என்ற கட்டுரை 2007 முதல் 2012 இறுதிவரை ஆங்கில விக்கிப்பீடியாவில் இருந்தது. நல்ல கட்டுரை என்ற தகுதியும் பெற்றது. அப்படி ஒரு போர் நடக்கவே இல்லை. அதை நம்பிய பள்ளி மாணவரைக் குற்றம் சொல்ல முடியுமா? முடியாது. அறியாமல் நம்பியது குற்றமாகாது. ஆனால் அந்தப் பொய் எப்படி வெளிப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். அடிக்குறிப்பில் இருந்த நூல்களை ஒரு பயனர் தேடிப் பார்த்தார். அவை எங்கும் கிடைக்கவில்லை. ஐந்தாண்டுப் பொய்யை அந்த ஒருவரின் அக்கறை முடித்துவைத்தது.

எனவே பொறுப்பு எல்லார்மீதும் ஒரே அளவில் விழுவதில்லை. பொய் எழுதியவரே முதல் குற்றவாளி. அவருக்கு அடுத்து நிற்பவர், சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டும் சரிபார்க்காதவர். 2009 மார்ச்சில் இசையமைப்பாளர் மோரிஸ் ஜார் இறந்தபோது, டப்ளின் மாணவர் ஒருவர் அவர் சொல்லாத வாசகத்தை அவர் சொன்னதாக விக்கிப்பீடியாவில் சேர்த்தார். ஆதாரம் இல்லை என்று தன்னார்வலர்கள் அதை நீக்கினார்கள். பல நாட்டுப் பத்திரிகைகளோ அதை அஞ்சலிக் குறிப்புகளில் அச்சிட்டன. சம்பளம் வாங்காதவர்கள் செய்த வேலையைச் சம்பளம் வாங்கியவர்கள் செய்யவில்லை. இதில் இன்னொரு கேடும் உண்டு. விக்கிப்பீடியாவிலிருந்து எடுத்த பொய் நாளிதழில் வந்துவிட்டால், நாளை அந்த நாளிதழே அதே பொய்க்கு ஆதாரமாகும்.

உண்மை தெரிந்தும் பேசாமல் போகும் வாசகரின் பங்கு இவர்களுடையதைவிடச் சிறியது. ஆனாலும் அது பங்குதான். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. அவற்றைக் கவனிப்போர் ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் மிகச் சிலர். கண்கள் குறைந்த இடத்தில் ஒவ்வொரு கண்ணின் பொறுப்பும் கூடுகிறது. ஆதாரம் கையில் இருந்தால் திருத்த வேண்டும்; ஐயம் மட்டும் இருந்தால் அந்தக் கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும். இரண்டுக்கும் நேரம் இல்லாதவர், உறுதியாகாத செய்தியைப் பிறருக்கு அனுப்பாமலாவது இருக்க வேண்டும். அந்தச் செய்தி உயிரோடு இருக்கும் ஒருவரின் மானத்தைத் தொடுவதாக இருந்தால், நேரம் இல்லை என்ற காரணமும் செல்லாது.