சடத்திற்கு ஓய்வு உண்டோ?

2016-ஆம் ஆண்டு மே மாதம் 11-ஆம் நாள் கோவாவிலுள்ள ஐ.என்.எஸ். ஹன்ஸா என்னும் கடற்படைத் தளத்தில், முப்பது ஆண்டுகளுக்கு மேல் நம் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து பறந்த சீ ஹாரியர் போர்விமானங்களுக்கு விடைகொடுத்தார்கள். கடைசி முறையாக வானில் வலம்வந்து இறங்கிய அவ்விமானங்களின்மேல் நீர்த்தாரைகளை வளைவாகப் பாய்ச்சி நீராட்டினார்கள். அவற்றின் இடத்தை ஏற்கவந்த மிக்-29கே விமானங்களும் அன்று உடன் பறந்தன. திருவிழா முடிவில் தெய்வத்திற்குத் தீர்த்தவாரி நடத்திப் பழகிய நம் ஜனங்களுக்கு இதில் வியப்பொன்றும் இராது. ஆயினும், அறிவும் இச்சையும் இல்லாத ஓர் உலோகக் கூட்டிற்கு ஓய்வு என்பது எவ்வாறு பொருந்தும், உழைப்பதாகச் சங்கற்பம் செய்யாத பொருளுக்கு உழைத்தது போதும் என்று சொல்லுவது யாரைப் பார்த்துச் சொல்லும் சொல் என்ற கேள்வியை, நான் வாழும் ஊரிலிருந்து நோக்குகிறவனால் எளிதில் ஒதுக்கிவிட முடியவில்லை.

என் ஊர் கொடுங்கையூர். சென்னைப் பட்டணத்தின் வடபாதி வேண்டாமென்று தள்ளியவை 300 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் மலையாகக் குவிந்து கிடப்பதும், அம்மலையைக் கிளறி இரும்பை இரும்பாகவும் பிளாஸ்டிக்கைப் பிளாஸ்டிக்காகவும் பிரித்துக் காயலான் கடையில் எடைபோட்டு விற்றுப் பிழைக்கிற ஆண்களும் பெண்களும் பரம்பரையாக வாழ்வதும் இங்கேதான். பொருளின் அநித்தியத்தைப் பற்றி மற்ற ஊர்களில் உபந்நியாசம் கேட்கிறார்கள். இங்கே அது காற்றோடு வீட்டிற்குள் வருகிறது. சீ ஹாரியருக்கு நடந்த உபசாரம் இந்த ஊரின் கண்ணுக்குச் சற்று அதிகப்படியாகவே தோன்றும். ஆனால் அதிகப்படி என்பது வேறு, அர்த்தமற்றது என்பது வேறு.

அந்த விமானத்தின் சரித்திரத்தை முதலில் பார்ப்போம். 1961-இல் கடற்படையில் சேர்ந்த விக்ராந்த் என்னும் நம் முதல் விமானந்தாங்கிக் கப்பலுக்காக, அதற்கு முந்தின ஆண்டிலேயே சீ ஹாக் என்னும் ஜெட் விமானங்களைக் கொண்டு ஓர் அணி அமைக்கப்பட்டது. ஐ.என்.ஏ.எஸ். 300 என்பது அதன் எண்; வெள்ளைப்புலி அதன் சின்னம். 1971-ஆம் ஆண்டு பாகிஸ்தானோடு நடந்த போரில் டிசம்பர் 4-ஆம் நாள் முதற்கொண்டு காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கியவை இந்தச் சீ ஹாக்குகளே. 1983-ஐ ஒட்டி அவை விலக, அவ்வாண்டு டிசம்பரில் பின்னாளில் கடற்படைத் தலைவரான அருண் பிரகாஷின் தலைமையில் சீ ஹாரியர்கள் கோவா வந்து சேர்ந்து, சில நாட்களுக்குள் விக்ராந்தின் தளத்தில் இறங்கின. அவற்றின் பெகாசஸ் என்ஜின், காற்றை வேகமாக வெளித்தள்ளும் நான்கு குழல்வாய்களையும் கீழ்நோக்கித் திருப்பக்கூடியது. ஆகையால், பெரிய கப்பலின் நீண்ட தளமும் பிடித்து நிறுத்தும் கம்பிகளும் இன்றியே, ஆகாயத்தில் நின்று நிதானித்துக் கப்பலின்மேல் செங்குத்தாக இறங்க அவ்விமானங்களால் இயன்றது. 1982-இல் பாக்லாந்து யுத்தத்தில் ஆங்கிலேயக் கடற்படைக்குத் தலைமைக் கப்பலாயிருந்த ஹெர்மஸ், 1987-இல் விராட் என்ற பெயரில் நம்மிடம் வந்தபொழுது, இவ்விமானங்களுக்கு இரண்டாவது வீடு கிடைத்தது. ஆங்கிலேயர் தங்கள் சீ ஹாரியர்களை 2006-லேயே நிறுத்திவிட்டார்கள். நாமோ ராடாரையும் ஏவுகணையையும் புதுப்பித்து இன்னும் பத்தாண்டு பறக்கவிட்டோம். செங்குத்தாக இறங்கும் அந்த வித்தை விமானியிடம் கேட்ட விலையும் சிறிதன்று. நாம் வாங்கிய சுமார் 30 விமானங்களில் பாதிக்கு மேற்பட்டவை விபத்துகளில் அழிந்தன. விமானிகள் சிலர் அவற்றோடு மாண்டார்கள்.

சீ ஹாரியர் போனபின்னும் ஐ.என்.ஏ.எஸ். 300 என்ற அணி போகவில்லை. அதே எண்ணும் அதே வெள்ளைப்புலியும் அதே 2016-இல் மிக்-29கே விமானத்தின்மேல் ஏறிக்கொண்டன. சீ ஹாக், சீ ஹாரியர், மிக் என்று மூன்று உடல்களில் ஒரே பெயர் வாழ்ந்திருக்கிறது. கப்பலின் கதையும் அப்படியே. 1997-இல் பணி முடித்த விக்ராந்தின் பெயரும் ஆர் 11 என்ற அதன் எண்ணும் 2022-இல் கொச்சியில் புதிதாகக் கட்டிய கப்பலுக்குச் சென்றன. இதைக் கண்ட சாமானியர் மறுபிறவி என்பார். மிலிந்தனுக்கு உபதேசித்த பௌத்தத் துறவி நாகசேனரோ சிரித்திருப்பார். சக்கரமும் அச்சும் நுகமும் அல்லாமல் தேர் என்று தனியே ஒன்றில்லை, எல்லாம் சேர்ந்தவிடத்து நாம் வழங்கும் பெயரே தேர் என்று யவன அரசனை மடக்கிய அவருக்கு, விமானம் பிறக்கவுமில்லை, ஓய்வு பெறவுமில்லை. மணிமேகலையைப் பெற்ற தமிழுக்கு இந்த வாதம் அந்நியமன்று. ஆனால் இந்த வாதத்தில் எனக்கு ஒரு குறை தெரிகிறது. தேர் வெறும் பெயர் என்றால் அத்தேர் ஏறி நசுக்கிய காலும் வெறும் பெயராகிவிடுமே. காக்ஸ் பஜாரில் விழுந்த குண்டிற்குப் பொறுப்பு எங்கோ ஓரிடத்தில் இருந்தாக வேண்டும் அல்லவா?

இந்த இடத்தில் சைவ சித்தாந்தம் பிடிமானம் தருகிறது. மெய்கண்டார் மரபில் கன்மம் தானும் சடமே. தன்னைச் செய்தவனைத் தேடிச் சென்று பலனை ஊட்டும் அறிவு அதற்கு இல்லை. செய்த உயிரை அறிந்து ஊட்டுகிறவன் இறைவன். உடலும் கருவியும் உலகும் நுகர்பொருளும் மாயையிலிருந்து உயிருக்கு உதவியாகத் தரப்பட்டவை; அவற்றிற்கெனப் புண்ணியமும் இல்லை, பாவமும் இல்லை. இந்த நோக்கில் விமானத்திற்கு வீரமும் இல்லை, அதனால் வீரத்திற்குரிய ஓய்வும் இல்லை. அதன்மேல் பாய்ச்சிய நீர், உண்மையில் அதன் உள்ளே அமர்ந்திருந்தவனுக்கும், அவனை அனுப்பிய நமக்கும் உரியது. படைக்கலத்தைக் கொண்டாடுவதில் ஒரு சூக்ஷ்மமான தந்திரம் இருக்கிறது என்று எனக்குப் பலமுறை தோன்றியதுண்டு: வெற்றியின் பெருமையைத் தாராளமாகக் கருவிக்கு ஈந்துவிடுகிறவன், அதனோடு சேர்த்துச் செயலின் பாரத்தையும் மெல்ல அதன் தலையில் ஏற்றிவிட்டு இலேசாகிவிடுகிறான்.

வடசென்னைக் கரைக்காரனுக்கு இவ்விஷயத்தில் இரண்டு ஞாபகங்கள் உண்டு. 1942-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஜப்பானியரின் விமானந்தாங்கிக் கப்பல்கள் இந்தியப் பெருங்கடலுக்குள் புகுந்து, கொழும்பையும் திரிகோணமலையையும் தாக்கி, ரியூஜோ என்னும் கப்பலின் விமானங்களால் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு வீசியபொழுது, சென்னை காலியாயிற்று. மூட்டை முடிச்சுகளோடு ஜனங்கள் உள்நாட்டிற்கு ஓடினார்கள். மிருகக்காட்சிச்சாலையில் இருந்த கொடிய விலங்குகளைக்கூடச் சுட்டுக் கொன்றார்கள். கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் மிதக்கும் ஒரு தளத்திலிருந்து எமன் புறப்படுவான் என்று முதலில் அறிந்துகொண்ட தலைமுறை அது. மற்றது 1971. வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன் விக்ராந்தை அந்தமான் பக்கம் மறைத்துவைத்துவிட்டு, அது வேறிடத்தில் இருப்பதாகப் பகைவர் நம்பும்படி செய்தார். சென்னைக்கு அப்பாலும் அதைத் தேடியதாகச் சொல்லப்படும் காஜி என்னும் பாகிஸ்தானிய நீர்மூழ்கிக் கப்பல், டிசம்பர் தொடக்கத்தில் விசாகப்பட்டினத்தருகே தன் மாலுமிகள் அத்தனை பேரோடும் மூழ்கியது. விமானந்தாங்கிக் கப்பல் என்னும் ஒரே ஜாதிக் கருவி ஒரு தலைமுறைக்கு எமதூதனாகவும் அடுத்த தலைமுறைக்குக் காவல்தெய்வமாகவும் வந்தது. மாறியது கருவியின் குணமன்று. அதைச் செலுத்தியவர்களும், அது செல்லும் திசையுமே.

அப்படியானால் ஆயுத பூஜையன்று வியாசர்பாடியிலும் எருக்கஞ்சேரியிலும் லேத் பட்டறைக்காரர் மெஷினுக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டுப் பொரிகடலை படைத்து, தெருவில் பூசணிக்காய் உடைப்பது அறியாமையா என்று கேட்பீர்கள். அல்ல என்பதே என் துணிபு. அங்கே பூஜிக்கப்படுவது இரும்பன்று, இரும்பில் ஆவாகனம் செய்யப்பட்ட தேவி. மறுநாள் அதே மெஷினின்மேல் எண்ணெய் வழிய வேலை நடக்கிறது, ஒருவரும் அபசாரம் என்று அஞ்சுவதில்லை. நம் ஆகமங்கள் இந்தப் பேதத்தை வெகு துல்லியமாக அறிந்தவை. கோயிலைப் பழுதுபார்க்கத் தொடங்குமுன் மூலவரின் கலையைக் கும்பத்திற்கு மாற்றிப் பாலாலயத்தில் எழுந்தருளச் செய்கிறார்கள். அதன்பின் கொத்தனார் உளியோடு உள்ளே நுழையத் தடையில்லை. வரவழைக்கத் தெரிந்த மதம், விடைகொடுக்கவும் விதி வகுத்திருக்கிறது. வரவழைத்ததை அனுப்பாமலே வைத்திருப்பதைத்தான் அது குறையாக எண்ணுகிறது.

விக்ராந்துக்கு நாம் செய்தது இந்தக் குறைதான். பணி முடிந்தபின் சில ஆண்டுகள் மும்பையில் காட்சிச்சாலையாக நின்ற கப்பல், பராமரிப்பாரின்றித் துருவேறி, சுமார் 60 கோடி ரூபாய்க்கு விலைபோய், காப்பாற்றக் கோரிய வழக்கும் உச்சநீதிமன்றம் வரை சென்று தோற்றபின், 2014-இல் உடைபடலாயிற்று. அதன் இரும்பை எண்ணெய்த் தொட்டியில் கலந்து பஜாஜ் நிறுவனம் ஒரு மோட்டார் சைக்கிளை விற்றது. தேசபக்தியைத் தவணைமுறையில் வாங்கிக்கொள்ள அதுவும் ஒரு வழி. விராட்டும் 2020-இல் குஜராத்தின் அலாங் கரைக்கு உடைபடப் போயிற்று. இரண்டு முறையும் தேசம் புலம்பியது, அவமானம் என்றது. உடைத்தது அவமானமென்று நான் கருதவில்லை. கப்பலை வெட்டிய தொழிலாளி, எங்கள் ஊர்க் குப்பைமேட்டில் காந்தக் கட்டையைக் கயிற்றில் கட்டி இழுத்துச் செல்லும் பிள்ளையைப் போலவே, சடத்தைச் சடத்தோடு சேர்க்கும் காரியத்தைச் செய்தான். அந்த வேலையின் ஆபத்திற்குரிய கூலியும் கையுறையும் அவனுக்குக் கிடைத்தனவா என்று கேட்டிருந்தால் அது அறமான புலம்பலாயிருந்திருக்கும்.

கோவாவில் 1998 முதல் கடற்படை விமானக் காட்சிச்சாலை ஒன்று இருக்கிறது. சீ ஹாக்கும் சீ ஹாரியரும் அங்கே நிற்கின்றன. அதையும் மூடிவிடச் சொல்கிறேனா என்றால் இல்லை. ஆகாயத்தில் நின்ற விமானத்தைக் குழந்தைகள் தொட்டுப் பார்ப்பது நல்ல கல்வி. என் வழக்கு, பீடத்தில் எதை ஏற்றுகிறோம் என்பதைப் பற்றியதே. நடுகல் நட்டு வழிபட்ட சமூகம் நாம். மனிதனுக்கு மட்டுமன்று, சண்டைக்கோழிக்கும் கல் எடுத்தோம். செங்கம் பகுதியிலுள்ள எடுத்தனூரில், ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் காலத்தில் நட்ட கல்லொன்று உண்டு. தன் எருமைகளைக் காத்து மாண்ட கருந்தேவக்கத்தியின் பெயரோடு, கள்ளரைக் கடித்து அவன் பக்கத்திலேயே நின்ற கோவிவன் என்னும் நாயின் பெயரையும் அதில் பொறித்திருக்கிறார்கள். ஓடிப்போக இயன்றும் ஓடாமல் நின்ற பிராணி என்பதால் நாய்க்கு அந்த இடம் கிடைத்தது. அவ்வீரன் ஏந்திய ஆயுதத்தையும் சிற்பி செதுக்கினான். அதற்குப் பெயர் மட்டும் எழுதவில்லை.