பிடிக்கும் இடம்

விடியல். கடல் கண்ணுக்குத் தெரியவில்லை. காதில் இருக்கிறது.

கொட்டிலில் மொரிஸ் மைனர். பொனட் திறந்தபடி. தகரத்தில் பனியீரம்.

*

குமிழை இழுக்கிறேன். எஞ்சின் இரண்டு முறை இருமுகிறது. பிறகு சீராகிறது.

முதல் கியர். மிதியை மெல்ல விடுகிறேன். ஓரிடத்தில் பிடிக்கிறது.

அந்த இடத்தில் உதறல்.

கண்ணாடி, கதவு, இருக்கை, பல். எல்லாம் ஒரே தாளத்தில்.

இரண்டு பாகம் நகர்ந்ததும் அடங்குகிறது.

*

1958 வண்டி. 948 சிசி.

மைனர் முதலில் வெளிச்சத்துக்கு வந்தது 1948இல், இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில். வரைந்தவர் அலெக் இசிகோனிஸ். ஸ்மிர்னாவில் பிறந்தவர். அதுவும் கடற்கரை ஊர்.

பதினாறு லட்சத்துக்கு மேல் செய்தார்கள். ஒன்று இங்கே நிற்கிறது, தென்னோலை நிழலில்.

*

எண் தகட்டில் ஸ்ரீ. சிங்கள எழுத்து. 1957இல் வந்தது. எழுத்துகளின் மேல் தார் பூசிய காலம் ஒன்று இருந்தது.

இப்போது பெயிண்ட் உதிர்ந்து, எழுத்து பாதி.

*

சாய்ந்தமருதிலிருந்து காக்கா வருகிறார். சைக்கிளின் பின்னால் ஸ்பானர் பை. மணலில் செருப்பைக் கழற்றி வைக்கிறார்.

கைப்பிரேக்கை இறுக்கச் சொல்கிறார். மிதியைக் கொஞ்சம் விடச் சொல்கிறார். அவர் எஞ்சினைப் பார்க்கிறார்.

எஞ்சின் முன்னே வருகிறது. பின்னே போகிறது. தூக்கத்தில் ஆடும் தலை போல.

"ஆடட்டும். ஓடப்படா."

காலை முழுவதும் அவர் பேசியது இவ்வளவு.

*

எஞ்சின் றப்பரில் உட்கார்ந்திருக்கிறது. முன்னே இரண்டு துண்டு. கியர்பொக்ஸின் கீழே இரண்டு.

எண்ணெய் குடித்துக் குடித்து அவை வீங்கியிருக்கின்றன. அழுத்தினால் நகம் அமிழ்கிறது. எடுத்தால் தடம் மெல்ல மறைகிறது.

*

றப்பர் இந்தக் கரையில் வளர்வதில்லை. மலைக்கு அந்தப் பக்கம் வளர்கிறது. களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி.

1876இல் கியூ தோட்டத்திலிருந்து கப்பலில் வந்த கன்றுகளை ஹெனரத்கொடவில் நட்டார்கள்.

விரல் நுனியில் கறுப்பு. முகர்கிறேன். மரத்தின் மணம் எங்கும் இல்லை.

*

மிதி வண்டியின் சட்டத்தோடு இருக்கிறது. கிளச் எஞ்சினோடு இருக்கிறது. நடுவே கம்பிகள்.

கிளச் பிடிக்கிறது. எஞ்சின் நகர்கிறது. கம்பி இழுபடுகிறது. பிடி தளர்கிறது. எஞ்சின் திரும்புகிறது. மறுபடி பிடிக்கிறது.

ஒரு நொடிக்குள் பல தடவை.

கால் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

*

கச்சான் வீசுகிறது. வட்டைப் பக்கமிருந்து. சூடு, வைக்கோல் தூசு.

கண்ணகை அம்மன் கோயிலில் குளிர்த்தி முடிந்து இரண்டு கிழமை. வாசலில் வேப்பிலை காய்ந்து சுருண்டு கிடக்கிறது.

*

வேப்பங்கொம்பில் செயின் புளொக். சங்கிலி ஒவ்வொரு பல்லாக ஏறுகிறது.

எஞ்சின் தரையை விட்டு நிற்கிறது. சற்றே சுற்றுகிறது. நிற்கிறது. எதிர்ப்பக்கம் சுற்றுகிறது.

யாரும் தொடவில்லை.

கீழே வெறும் குழி. அதில் சூரிய வெளிச்சம் முதல் முறை விழுகிறது.

*

வண்டியின் அடிச்சட்டத்தைத் தட்டினால் மணல் உதிர்கிறது.

கடல் ஊருக்குள் வந்த 2004 டிசம்பர் 26க்கு முந்திய மணலா, பிந்திய மணலா.

கூட்டி ஒதுக்குகிறேன்.

*

கிளச் பிளேட். ஆறேகால் அங்குலம். இடியப்பத் தட்டு அளவு.

முகம் பளபளக்கிறது. எண்ணெய் வெந்து கண்ணாடியாகியிருக்கிறது. ஒட்டும். வழுக்கும். ஒட்டும்.

சுழல்சக்கரத்தில் நீலப் புள்ளிகள். சூடு பட்ட இடங்கள். விரல் வைத்தால் குளிர்.

*

தூசியை ஊதுவதில்லை. பழைய தட்டில் கல்நார் உண்டு.

ஈரத் துணி. மெல்ல ஒற்றி எடுக்கிறார் காக்கா. அதுவரை இருவருக்கும் மூச்சு சிறிதாகிறது.

*

எண்ணெய் எங்கிருந்து.

கிராங்க் தண்டின் பின் முனையில் ஒரு திருகுவரி வெட்டப்பட்டிருக்கிறது. தண்டு சுழலும்போது, வெளியே வரப் பார்க்கும் எண்ணெயை அந்த வரி உள்ளே ஓட்டுகிறது. வேறு அடைப்பு வைக்கவில்லை.

ஓடும்போது காவல் உண்டு. நின்றபின் கசிவு.

வண்டி அதிகம் நின்றிருக்கிறது.

*

எஞ்சினுக்கு ஒரு மூச்சுக்குழாய். அடைத்திருக்கிறது. வெளியேற வழியில்லாத காற்று எண்ணெயைப் பின்பக்கம் தள்ளும்.

மண்ணெண்ணெயில் ஊறப் போடுகிறேன். கறுப்பு மெல்ல இறங்குகிறது. தெளிந்த எண்ணெய்க்குள் ஒரு புகை.

பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

*

லுஹர் பாங்கு. வடக்கே மாளிகைக்காடு. தெற்கே நிந்தவூர். ஒன்று முந்தி, ஒன்று பிந்தி. நடுவில் இந்தக் கொட்டில்.

காக்கா கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுகிறார். மணலும் சேர்த்துத் தேய்க்கிறார். போகிறார்.

எஞ்சின் தொங்குகிறது. ஒரு காகம் சங்கிலியில் உட்கார்கிறது.

*

சுவாமி விபுலானந்தர் இந்த ஊரில் பிறந்தவர். 1892. பிள்ளைப் பெயர் மயில்வாகனம்.

பழந்தமிழ் யாழ்களின் நரம்புகளையும் சுருதிகளையும் கணக்கிட்டு எழுதினார். யாழ் நூல் 1947இல் வந்தது. அதே ஆண்டு அவர் மறைந்தார்.

நரம்பின் இரு முனையும் இறுகியிருக்கிறது. நடு அதிர்கிறது.

தேத்தண்ணி ஆறிவிட்டது.

*

முந்தி யாரோ றப்பருக்குப் பதில் ரயர் துண்டு வெட்டி வைத்திருந்தார்கள். எஞ்சின் அசையவில்லை. வண்டி முழுவதும் அதிர்ந்தது. கதவுப்பிடியில் கை வைத்தால் கூசியது.

அந்தத் துண்டுகள் இன்னும் ஒரு பேணியில் கிடக்கின்றன.

*

புது றப்பர் கடுதாசிச் சுற்றில். வெள்ளைப் பூச்சு. இன்னும் எந்தப் பாரத்தையும் அறியாதது.

காலியில் 1990களில் மைனருக்குத் தகடும் உதிரியும் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள். செய்த ஊருக்கு, செய்வதை விட்டுவிட்ட ஊருக்கு.

*

எஞ்சின் இறங்குகிறது. அங்குலம் அங்குலமாக. காக்கா விரலால் கோணத்தைத் தேடுகிறார். தண்டு பல்லைத் தேடுகிறது.

ஓர் ஒலி. சின்னது.

உட்கார்ந்துவிட்டது.

*

நான்கு றப்பரின் நட்டுகளையும் உடனே இறுக்கவில்லை. தளர்வாக விட்டு, எஞ்சினைக் கையால் ஆட்டி, அது தானே தன் இடத்தில் அமரும்வரை நிற்கிறார். அப்புறம் இறுக்குகிறார்.

எஞ்சினுக்கும் உடலுக்கும் நடுவே ஒரு குட்டைக் கம்பி. இரு முனையிலும் சின்ன றப்பர். கொஞ்சம் ஆடலாம்.

*

மிதியில் முக்கால் அங்குலம் வெறுமை வைக்க வேண்டும்.

காலை வைத்து அழுத்தினால் அந்த முக்கால் அங்குலத்தில் எதுவும் நடக்காது. கரி வளையம் ஒதுங்கி நிற்கும். அதற்குப் பிறகே கிளச்.

அந்த வெறுமை இல்லாவிட்டால் வளையம் எந்நேரமும் உரசும். தேயும்.

திருகுகிறார். அளக்கிறார். ஒரு சுற்றுத் தளர்த்துகிறார்.

*

கிளச் கூட்டின் அடியில் ஒரு துவாரம். அதில் ஒரு ஸ்பிளிட் பின் தொங்குகிறது. எதையும் பிடித்துவைக்க அல்ல. வண்டி ஓடும்போது ஆடி ஆடித் துவாரம் அடைபடாமல் காக்க.

வர வேண்டிய துளி வரட்டும் என்று.

விரலால் தட்டுகிறேன். ஆடுகிறது.

*

அசர் கழிந்து வெயில் சாய்கிறது. கடலின் நிறம் மாறுகிறது. கரைவலைத் தோணி மணலில் ஏறிக் கிடக்கிறது.

அம்பாறை வீதி வந்து முட்டும் சந்திவரை ஓட்டுகிறேன். பின்னால் பஸ். முன்னால் ஒரு மாடு.

நிற்கிறேன்.

முதல் கியர். மிதியை விடுகிறேன். பிடிக்கும் இடம் வருகிறது.

உள்ளங்காலில் ஒரு சிறு அசைவு. மடியில் இருந்த கை அசையவில்லை. மாடு கடக்கிறது. வண்டி போகிறது.

*

உதறல் போய்விட்டதா என்று காது தேடுகிறது. தேடும்போது கதவின் ஓசை கேட்கிறது. கதவு முன்பும் ஒலித்திருக்கும்.

*

இரவு. கொட்டிலின் தரை கடல் பக்கம் சரிவு. இவ்வளவு காலம் வண்டி மூக்கை மேட்டில் வைத்து நின்றது. எண்ணெய் பின்பக்கம் தேங்கியது.

இப்போது மூக்கு கடல் பக்கம்.

எஞ்சின் ஆறும் ஓசை. டிக். நெடு நேரம் கழித்து, டிக்.

*

விடியல்.

வண்டிக்கு அடியில், மணலில், எண்ணெய்ப் பொட்டு. முன்பு சிரட்டை அளவு. இன்று சுண்டுவிரல் நகத்தளவு.